ஒத்திவைக்க ஒரு மரணம்

"வியாழக்கிழமை காலை 9.00 மணிக்கு நேரில் வரவும். வராதவர்களின் உதவித்தொகை நிறுத்தப்படும்."

அழகமுத்து குறுஞ்செய்தியை மூன்றாம் முறை படித்தான். கிழமை மாறவில்லை.

வியாழக்கிழமைதான் மாணிக்கக் குழியில் மண் கழுவும் நாள்.

தேயிலை பெக்டரி மூடி ஐந்து மாதம் ஆகிறது. பதினாறு வருடம் அதில் கொழுந்து காய வைத்தவனுக்கு, வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை மாதாமாதம் வந்தது. அது நின்றால் வீட்டில் அரிசி நிற்கும். நிபந்தனை ஒன்றுதான். வேறு வேலை பார்க்கக் கூடாது.

அழகமுத்து வேலை பார்க்கவில்லை. மாணிக்கக் குழி ஒன்றில் பங்காளியாக மண் தோண்டினான். கூலி கிடையாது, கல் கிடைத்தால் பங்கு. கல் கிடைக்காதவரை அது வேலையா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் தோண்டிய மண்ணைக் கழுவும் நாளில் பங்காளிகள் ஐந்து பேரும் கூடையைச் சுற்றி நிற்க வேண்டும். வராதவன், மற்ற நால்வரும் கல்லை மறைத்துவிட்டார்கள் என்று சாகும்வரை நினைப்பான்.

முன்பு மாதத்தில் எந்த நாளும் உதவித்தொகை ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடலாம். இந்த மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் நாள் குறிக்கிறது.

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. தோட்டத்தின் லோவர் டிவிஷனில் போன் பிடிக்கும் ஒரே இடம். அங்கேயும் கத்த வேண்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது காம்பராவில் விட்டுச் செல்லும் பிள்ளைகள் அந்தப் பாறையிலிருந்துதான் பேசக் கற்றார்கள். அதனால் எல்லாருக்கும் உரத்த குரல்.

அழகமுத்து பாறையில் ஏறினான். ஆபீசில் போனை எடுத்தவர் எழுதுவினைஞர் முக்தார்.

"சேர், வியாழக்கெழம வர ஏலாதுங்க சேர். வெள்ளிக்கெழம வரவா?"

"சும்மா மாத்த ஏலா. புதுச் சட்டம். ஒண்ணு ஆஸ்பத்திரியில படுத்திருக்கணும். இல்லாட்டி குடும்பத்துல மவுத்து நடந்திருக்கணும்."

"ஆஸ்பத்திரின்னா?"

"டொக்டர்ட துண்டு வேணும்."

"சாவுன்னா?"

"அதுக்குத் துண்டு பொறகு தரலாம். என்ன, யாராச்சும் மவுத்தா?"

பாறைக்குக் கீழே அவன் மாமியார் சின்னம்மா சாக்கை உதறியபடி காக்கையை ஏசிக்கொண்டு போனாள். அழகமுத்து யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஆளைச் சொல்லியிருப்பான்.

"மாமியார் செத்துட்டாங்க சேர்!"

"யாரு?"

"மாமியார்! சின்னம்மா! லோவர் டிவிஷன்!"

"பேசுறது யாரு?"

"மருமகன் சேர்! அழகமுத்து!"

குரல் எட்டவில்லை போலும் என்று அழகமுத்து இன்னும் ஒரு அடி மேலே ஏறினான்.

"அழகமுத்து சேர்! லயத்துல நாலாம் நம்பர் வீடு!"

"யா அல்லாஹ்" என்றது போன். பிறகு அறுந்துவிட்டது.

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டான். முன்பின் தெரியாத மாமியாருக்காக இப்படி உருகுகிறாரே.

வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் கால் கழுவுவதற்குள் வாசலில் வெள்ளைக் கொடி ஒன்று பறந்தது. அதைக் கட்டிக்கொண்டிருந்தவன் இந்திரகுமார், தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். பாறைக்குக் கீழே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சங்கம் போன வருடம் சாவு வீட்டில் உட்காரப் போட ஐம்பது புதுக் கதிரைகள் வாங்கியது. அன்றிலிருந்து டிவிஷனில் ஒருவரும் சாகவில்லை. இந்திரகுமாருக்கு அது பெரிய மனக்குறை.

"மச்சான்" என்று அழகமுத்துவைக் கட்டிக்கொண்டான். "நேத்துக்கூட என்னைய நாயேன்னு ஏசுனாங்க. நல்ல மனுசி. கதிர எத்தன போட?"

"டேய், மெதுவாப் பேசு. அது இந்த மாமியார் இல்ல."

"வேற எந்த மாமியார்?"

"அது... கலவானயில."

"கலவானயில ஒனக்கு மாமியாரா?"

"ஒரு மொறையில."

இந்திரகுமார் கொடியை விட்டான். "மாமியார் இருந்தா பொண்டாட்டியும் இருக்கணுமே?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மனைவி கிருஷ்ணகுமாரி பாதித் தேங்காயோடு வெளியே வந்தாள்.

"கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க" என்றாள். "எனக்கும் தெரியணும்."

அழகமுத்து அவளை உள்ளே இழுத்துப் போய் உண்மையைச் சொன்னான். அவள் தேங்காயைக் கீழே வைத்தாள்.

"சாகடிக்க ஒங்களுக்கு எங்கம்மாவா கெடச்சாங்க?"

"அந்த நேரம் அவங்கதான் பாதையில போனாங்க."

"நான் போயிருந்தா?"

அதற்கு அவன் பதில் சொல்லுமுன் சின்னம்மா விறகுக்கட்டோடு நுழைந்தாள். வெள்ளைக் கொடி யாருக்கு என்று கேட்டாள். மகள் சொன்னாள், "ஒங்களுக்குத்தான்."

அழகமுத்து கண்ணை மூடிக்கொண்டான். மாமியாரும் அதே பெக்டரியில் தூள் சலித்தவள். அவளுக்கும் அதே உதவித்தொகை. அந்தக் குரலுக்குப் பயந்து பெக்டரி மெஷினே மெதுவாக ஓடியது என்பார்கள்.

ஏச்சு வரவில்லை. அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"மாப்ள" என்றாள் சின்னம்மா மிக மெதுவாக. "போன்ல ஒங்க பேரையா சொன்னீங்க?"

"வேற யாரு பேர அத்தை சொல்றது?"

சின்னம்மா விறகுக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவம், மனம் உடைந்துவிட்டது என்று அழகமுத்து வருந்தினான்.

உண்மை இந்திரகுமாருக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் பலாங்கொடைக்குத் தெரியும். ஆகவே அழகமுத்து வெளியே போய், கலவான மாமியார் பிழைத்துக்கொண்டதாக அறிவித்தான். அங்கே தனக்கு மனைவி மட்டும் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னான். இந்திரகுமார் நம்பாமல் கொடியை அவிழ்த்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் குழித் தலைவர் பியசேன வந்தார். வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"எப்பா மல்லி, எப்பா" என்று கையை ஆட்டினார். வேண்டாம் தம்பி, வேண்டாம். "செத்த வீட்டுத் தீட்டு. நீங்க குழிப் பக்கம் வந்தா கல் எல்லாம் ஓடிடும். மூணு மாசம் வரவேணாம்."

"ஐயோ, அவங்க பொழச்சிட்டாங்க மாத்தயா!"

பியசேன சற்று யோசித்தார். "செத்துப் பொழச்ச தீட்டு எத்தன மாசம்னு எனக்குத் தெரியாது. அதுக்கு ஆறு மாசம் வைப்போம்."

குழிக்குப் போகவென்று சொன்ன பொய் குழியை மூடியது. சரி, வியாழக்கிழமை ஆபீசுக்கே போகலாம், மாமியார் பிழைத்துவிட்டாள் என்று அங்கேயும் சொல்லிவிடலாம் என்று அழகமுத்து மறுநாள் காலை பாறையில் ஏறினான். ஏறியதும் போன் அடித்தது.

"யாரு பேசுறது?" முக்தாரின் குரல் நடுங்கியது.

"அழகமுத்து சேர்! நான் நாளைக்கே வந்து..."

"வராதீங்க! தயவுசெஞ்சி நீங்க இங்க வராதீங்க! நாளைக்குக் காலையில எங்கட பெரிய ஆபீசர் ஸாஹிரா மிஸ் அங்க வாறாங்க. நேர்ல பாக்கணுமாம். பொய் எண்டா காசு கட்."

போன் வைக்கப்பட்டது.

அழகமுத்து இந்திரகுமாரைத் தேடி ஓடினான். இந்திரகுமார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நாளைக்கு எங்க வீட்டுக்கு டென்ட் அடிக்கணும்."

"கலவான அம்மாவா?"

"இல்ல. எங்க அத்தைதான்."

"ஐயோ! எப்ப செத்தாங்க?"

"நாளைக்கு."

இந்திரகுமார் மாட்டைப் பார்த்தான். மாடு அவனைப் பார்த்தது.

"கதிர?"

"அம்பதும்."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மச்சான்" என்றான் இந்திரகுமார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "ஆனா வெள்ளனயே வந்துருவேன்."

மாமியாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு என்று அழகமுத்து அஞ்சினான். சின்னம்மா தானே பாயை உதறிக் கட்டிலில் விரித்தாள்.

"படுக்க நான் ரெடி. ஆனா ஒண்ணு. நீங்க அந்த மிஸ் கண்ணுல படவே கூடாது."

"நான்தானே மருமகன்? வாறவங்களுக்கு நான்தானே..."

"படக் கூடாதுன்னா படக் கூடாது. கட்டிலுக்கு அடியில போயிருங்க."

"எனக்காக நீங்க..."

"போங்க மாப்ள."

பதினான்கு வருடத்தில் அவள் அவனுக்காக இவ்வளவு கவலைப்பட்டதில்லை. அழகமுத்துவுக்குக் கண் கலங்கியது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே டென்ட் நின்றது. ஐம்பது கதிரையும் நிரம்பின. நிற்பவர்களுக்குப் பொறாமை. மேல் டிவிஷனிலிருந்து தப்பு அடிக்க வந்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "யாரு சாவு?" என்று கேட்டார்.

"தெரியல. தேத்தண்ணி நல்லா இருக்கு, குடிங்க."

ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. ஸாஹிரா மிஸ் இறங்கினார். பின்னால் முக்தார் இறங்கி, வாசலைத் தாண்டாமல் நின்று உதட்டை அசைத்து ஏதோ ஓதினார். மரண வீட்டில் என்ன ஒரு பக்தி என்று ஊர் வியந்தது.

கிருஷ்ணகுமாரி அழ வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை மாதிரியே இருந்தது.

ஸாஹிரா மிஸ் அவள் கையைப் பிடித்தார். "ஒரே கெழமைக்குள்ள இவ்வளவு சோதனையா? தைரியமா இருக்கணும் தங்கச்சி."

இதைக் கேட்டுக் கிருஷ்ணகுமாரி இன்னும் குலுங்கினாள்.

மிஸ் உள்ளே வந்தார். கட்டிலில் சின்னம்மா, கழுத்துவரை வெள்ளைத் துணி. கட்டிலுக்கு அடியில் அழகமுத்து, மூக்குவரை ஒட்டடை. அவன் கண்ணுக்கு நேரே மிஸ்ஸின் செருப்பு. அரிசியும் பருப்பும் அந்தச் செருப்பில்தான் இருந்தன. அவன் மூச்சை அடக்கினான்.

எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். இந்திரகுமாருக்குத்தான் ஆசை அடங்கவில்லை. வருடம் கழித்துக் கிடைத்த மரணம். குறை இருக்கக் கூடாதென்று சாம்பிராணியை மூன்று பிடி அள்ளிப் போட்டான்.

புகை எழுந்தது. கட்டிலைச் சுற்றியது. சின்னம்மாவின் மூக்கு மெல்ல விரிந்தது.

அந்தத் தும்மலில் வெள்ளைத் துணி இடுப்புவரை பறந்தது.

வீட்டில் யார் தும்மினாலும் வாழ்த்துவது அழகமுத்துவின் பழக்கம். அம்மா பழக்கியது. வாய் தானாகத் திறந்தது.

"நூறாயுசு அத்தை!"

வெளியே ஒரு புதுக் கதிரை கவிழ்ந்தது.

சின்னம்மா எழுந்து உட்கார்ந்து தலைமுடியைக் கொண்டை போட்டாள். "வாங்க மிஸ்" என்றாள். "தேத்தண்ணி குடிச்சீங்களா?"

அழகமுத்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து மிஸ்ஸின் முன்னால் நின்றான். தலையில் ஒட்டடை.

"தப்பெல்லாம் என்னோடது மிஸ். நான்தான் தேதி மாத்தப் பொய் சொன்னேன். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. பச்சப்புள்ள மாதிரி. என்னோட காச நிறுத்துங்க, அவங்களோடத நிறுத்திராதீங்க."

"மாப்ள, வாய மூடுங்க" என்று சின்னம்மா அவன் சட்டையை இழுத்தாள்.

"இல்ல அத்தை, நான் சொல்லத்தான் வேணும். இந்த மாதிரி ஒரு மாமியார் யாருக்கு மிஸ் கெடைக்கும்?"

ஸாஹிரா மிஸ் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கிருஷ்ணகுமாரியும் முந்தானையை விட்டாள். வாசலில் நின்றவர்கள் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். தப்புக்காரர் தன் பங்குக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து இரண்டு படிவங்கள் எடுத்தார்.

"வந்ததுக்கு இங்கயே முடிச்சிருவோம். காசு நிக்காது. ஆனா இனி இப்படிச் செஞ்சீங்க எண்டா நானே ஒங்களப் பொதைச்சிருவேன். ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சின்னம்மா வேகமாகக் கையெழுத்துப் போட்டாள். அழகமுத்து பேனாவோடு நின்றான்.

"அத்தை போடுறது சரி மிஸ். நான் எதுக்கு உயிரோட இருக்கேன்னு எழுதணும்?"

அப்போதுதான் முக்தார் வாசலைத் தாண்டி வந்தார். ஒற்றை விரலால் அழகமுத்துவின் கையைத் தொட்டார். சூடாக இருந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"போன வெள்ளிக்கெழம இந்தம்மா ஆபீசுக்கு வந்து, மருமகன் அழகமுத்து மவுத்துன்னு மூக்கச் சிந்தி அழுதுதான் தம்பி அவங்கட தேதிய மாத்திட்டுப் போனாங்க, செவ்வாக்கெழம நீங்களே போன் எடுத்துப் பேசினா, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"