பர்மாவுக்குப் போன ஊர்

“எங்க தாத்தா எதுக்குய்யா முதல் சீன்லயே சாகணும்?”

கருப்பணன் காமராஜை வழிமறித்துக் கேட்டார். மில்லில் சூப்பர்வைசரான காமராஜ், இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தார். கண்மாய்ப் பொட்டலில் அரங்கேற்றம். திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற மேஜர் பிரான்சிஸ் வருகிறார். போனில் பேசியதோடு சரி, அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. நாடகம் பிடித்துவிட்டால், செத்தவர்களின் பெயர் பொறித்து பஸ் ஸ்டாப்பில் ஒரு கல் வைக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். காமராஜின் தாத்தாவும் பர்மாவில் செத்தவர்தான். விளக்கேற்ற ஒரு சமாதிகூடக் கிடையாது.

“சரிப்பா, ஒங்க தாத்தாவைக் கடைசி சீன்ல சாகடிக்கிறேன்.”

செய்தி மதியத்துக்குள் பரவியது. “அப்ப எங்க தாத்தா மட்டும் எளப்பமா?” என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். எல்லாத் தாத்தாக்களையும் கடைசி சீனுக்குத் தள்ளினார் காமராஜ். அதுவரை ஒருத்தரும் சாகாமல் யுத்தம் சப்பென்று கிடந்தது.

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடுகள் கோபித்துக்கொண்டன. அவர்களை ஜப்பான்காரர்கள் ஆக்கினார்.

மாயம்மாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். “ஆம்பளைக செத்தாங்க, சரி. அழுதது யாரு? நீயா?”

பெண்கள் மொத்தப் பேருக்கும் ஒப்பாரி கொடுத்தார். அப்படியானால் பிள்ளைகளை வீட்டில் யார் பார்ப்பது? அவர்கள் தலையில் வேப்பங்குழையைக் கட்டி, பர்மாக் காடாக நிறுத்திவிட்டார்.

“இம்புட்டுப் பேருக்கும் வேசமா?” என்றாள் மனைவி முத்துப்பேச்சி.

“ஒருத்தர் மூஞ்சியும் கோணக்கூடாதுல்ல?”

நாடகத்தன்று சாயங்காலம் மில் பஸ் வந்து, ஜப்பான் படையில் பாதியை நைட் ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஜப்பான்காரர்கள் ஆரம்பத்திலேயே செத்துக் கிடப்பதாகக் காமராஜ் கதையை மாற்றினார். பிணத்துக்கு வசனமும் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம். பொட்டல் பக்கம் வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து, “பேசாதீங்க, இதை மாட்டுங்க, அங்க போய்ப் படுங்க” என்று காக்கிச் சட்டையைக் கையில் திணித்தார்.

படுதா விலகியது.

பொட்டல் நிறைய நாற்காலி. முன்வரிசையில், முறுக்கு மீசையோடு ஒரே ஒரு ஆள்.

“ஊரு மொத்தமும் மேடையில நிக்கிது. பாக்க யாரு இருக்கா?” என்று முத்துப்பேச்சி பல்லைக் கடித்தாள்.

“மீசையைப் பாத்தியா? மேஜர் வந்துட்டாரு. அவரு ஒருத்தர் போதும்.”

அந்த ஒருத்தருக்காக ஊரே உயிரைக் கொடுத்து நடித்தது. அவரோ அடிக்கடி திரும்பிக் காலி நாற்காலிகளையே பார்த்தார். காமராஜுக்கு மானம் போயிற்று. ஆனால் மாயம்மாள் ஒப்பாரி எடுத்ததும், மீசைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காமராஜுக்கு உயிர் வந்தது.

கடைசி சீனில் எல்லாரும் செத்து முடித்த பிறகும் கருப்பணன் மட்டும் செத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அவரும் விழுந்தார். காமராஜ் ஓடிப்போய் முன்வரிசைக்காரருக்கு நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வாங்கிய மாலையைப் போட்டு, மைக்கை நீட்டினார்.

“எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க. அழுகையே வந்துருச்சு, அம்புட்டு நல்லாருந்துச்சு. நான் வேடசந்தூர் பந்தல் கடையில இருந்து வந்திருக்கேன். சேரெல்லாம் ஏத்திக்கிறலாமுங்களா?”

காமராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லும் போச்சு, தாத்தா பெயரும் போச்சு.

“அப்ப மேஜர் வரவே இல்லையா?” என்றார் கருப்பணன், எழுந்திருக்க மனமில்லாமல் செத்துக் கிடந்தபடியே.

அவர் பக்கத்தில் கிடந்த ஜப்பான் பிணம் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கிக் காமராஜைப் பார்த்தது.

“சாயங்காலமே வந்துட்டேன் தம்பி. பேசாமப் படுங்கன்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்க. கல்லு வச்சிரலாம், இப்ப நான் எந்திரிக்கலாமா?”