ஒத்தை ஓட்டு

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது வில்ஃப் ஹெப்டனுக்குப் பெருத்த அவமானமாக இருந்தது.

"எழுநூத்தி ரெண்டு, எழுநூத்தி ஒண்ணு." தேர்தல் அதிகாரி மிஸஸ் லாக்வுட் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினார். "கில்ன் லேன் வார்டு உங்களுக்குத்தான், மிஸ்டர் ஹெப்டன். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா மேடையில அறிவிச்சிடறேன்."

எதிர்த்து நின்ற காலின் ஸ்டாட், குழாய் வேலை பார்ப்பவன், உடனே தலையாட்டிவிட்டான்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார் வில்ஃப்.

மிஸஸ் லாக்வுட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயிச்சது நீங்க."

"அதத்தான் சொல்றேன். ஒத்தை ஓட்டுலயா ஜெயிப்பேன்? மறுபடி எண்ணுங்க."

அவருடைய ஏஜெண்ட் பாரி பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார். "யோவ், வாய மூடு. ஜெயிச்சாச்சு. கை குலுக்கிட்டு டீ குடிக்க வா."

"சும்மா இருடா. நான் செங்கல் எண்ணினவன். கணக்கு தப்புனா எனக்கு மூக்குல வேர்த்துடும்."

வில்ஃப் சூளையில் செங்கல் சுமந்தே வயதைக் கழித்தவர். அவருடைய வலது தோள் இன்னும் சரிந்துதான் இருக்கும். சூளையை மூடிய வருஷம் நகரசபைக்கு நின்றார், ஜெயித்தார், அதிலிருந்து ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. முதுகுவலி உண்டு, மூச்சிரைப்பு உண்டு. சந்தேகம் என்ற வியாதி மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

மில்பெக் நகரசபையில் மேயர் பதவி முறை வைத்து வரும். இன்னும் மேயராகாதவர்களில் யார் அதிக வருஷம் உறுப்பினராக இருக்கிறாரோ அவர் கழுத்தில் மேயரின் தங்கச் சங்கிலி. இந்த மாதக் கடைசியில் வில்ஃபின் முறை. இந்தத் தேர்தலில் தோற்றால் முறையும் போச்சு, சங்கிலியும் போச்சு. அவர் மனைவி டோரீன், மூட்டு ஆபரேஷன் ஆன காலோடு கைத்தடி ஊன்றிக் கடைவீதிக்குப் போய், பதவியேற்பு விழாவுக்கென்றே ஒரு நீலத் தொப்பி வாங்கி அலமாரி மேல் வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட மேயர் ஒத்தை ஓட்டில் வந்தவன் என்றால், கிளப்பில் பீர் குடிக்கிறவனெல்லாம் சிரிப்பானா மாட்டானா?

மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். விளையாட்டு அரங்கில் பாட்மிண்டன் கோடுகளுக்கு மேல் மேஜைகள் வரிசையாகக் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளம், மருந்து வாடை மூக்கை அரித்தது. வில்ஃப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார்.

"பாரி, நேத்து முழுக்க நான் வேன் ஓட்டினது உனக்குத் தெரியுமில்ல? நடக்க முடியாத கிழடு கட்டை ஒண்ணு விடல. வாசல்லயே ஏத்தி, அந்த மேட்டு மேல இருக்கற சர்ச் ஹால்ல கொண்டுபோய் ஓட்டுப் போட வச்சு, திருப்பி வீட்ல எறக்கி விட்டேன். மிஸஸ் பிக்கரிங்கைச் சக்கர நாற்காலியோட தூக்கினேன்யா!"

"அதுல பாதிப் பேரு உன் வேன்ல போய் காலினுக்குப் போட்டிருப்பாங்க."

"என் வேன்ல ஏறினவன் எனக்குத்தான் போடுவான். எங்க தெரு வழியா மட்டும் எத்தனை நடை! ஒவ்வொரு நடைக்கும் டோரீன் ஜன்னல்ல வந்து கை காட்டினா. அவளுக்கு அவ்வளவு உற்சாகம். நானும் மேயர் மாதிரி இப்படிக் கை காட்டிட்டுப் போனேன்." மணிக்கட்டை மட்டும் மெல்ல அசைத்துக் காட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் பாரி. "மொதல்ல ஜெயி."

மிஸஸ் லாக்வுட் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"உங்க கட்டுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு, மிஸ்டர் ஹெப்டன். ரெண்டு பேருக்கும் குறி போட்டிருக்காங்க. முதல் தடவை யாரும் கவனிக்கல. அது செல்லாது. இப்ப உங்களுக்கும் எழுநூத்தி ஒண்ணு, அவருக்கும் எழுநூத்தி ஒண்ணு."

பாரி கண்ணை மூடிக்கொண்டார். "மூக்குல வேர்க்குதா இப்ப?"

"சமமா வந்தா குலுக்கல்தான் சட்டம்" என்றார் மிஸஸ் லாக்வுட். ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக்கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தார். "உங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிப் போடுவேன். ஒண்ணை எடுப்பேன்."

"பிஸ்கட் டப்பாலேருந்தா? இது என்ன, கிளப்புல ஞாயித்துக்கிழமை இறைச்சி பரிசு குடுக்கற குலுக்கலா? எனக்குப் பன்னித்தொடை வேணாம்மா, எனக்கு வேண்டியது என் வார்டு."

காலின் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, விட்டுடுங்க. குலுக்கல்னா உங்களுக்கும் பாதி வாய்ப்பு இருக்கு."

"பாதி உனக்குப் போதும்டா தம்பி. எனக்கு முழுசு வேணும். செல்லாதுன்னு தள்ளி வச்ச சீட்டையெல்லாம் எடுங்க. என் ஓட்டு ஒண்ணு அதுல சிக்கிக் கிடக்கும், நான் எழுதித் தரேன்."

பாரி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தள்ளி வைத்த சீட்டுகள் கொஞ்சம்தான். ஒன்றில் பன்றி படம். நன்றாகவே வரைந்திருந்தார்கள். ஒன்றில் இரண்டு பெயரையும் அடித்து, "ரெண்டும் வேஸ்ட்" என்று எழுதியிருந்தது. ஒன்று வெற்றுச் சீட்டு. கடைசிச் சீட்டில் காலின் பெயருக்கு நேரே சுத்தமாக ஒரு குறி. அடியில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு வரி, கீழே இரண்டு கோடு:

'எவன் ஜெயிச்சாலும் மொதல்ல குப்பைத்தொட்டிய வெளிய வை.'

எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள்.

"எழுதியிருக்குன்னு இதைத் தள்ளி வச்சாங்களா?" மிஸஸ் லாக்வுட் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "குறி தெளிவா இருக்கு. எழுத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இது செல்லும். மிஸ்டர் ஸ்டாட்டுக்கு எழுநூத்தி ரெண்டு."

ஜெயித்த ஆசாமி, தானாகவே கேட்டு வாங்கி, ஒத்தை ஓட்டில் தோற்று நின்றார்.

வில்ஃப் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பைத்தொட்டி. மொதல்ல. வெளிய வை. குப்பை வண்டி வருகிற வியாழக்கிழமை வந்தால் டோரீன் வாயிலிருந்து வருகிற அதே வார்த்தைகள். அதே கொட்டை எழுத்து. கோபம் வந்தால் இரண்டு கோடு போடுகிற அதே கை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நேற்று ஓட்டுப்பதிவு முடிந்து, கிளப்பில் ஒரு பீர் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது டோரீன் வீட்டுக்குள்ளேயே கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹீட்டரை அணைத்துச் சிக்கனம் பிடிக்கிறாள் என்று நினைத்தார். 'ஓட்டெல்லாம் எப்படி விழுந்திருக்கும்னு நெனைக்கிற?' என்று கேட்டதற்கு, அவள் சூப்பை நங்கென்று மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். காலையில் குட்மார்னிங்கூட இல்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படிப் பேசும்?

"பாரி," என்றார் காதோடு காதாக. "எழுதினது யாருன்னு தெரிஞ்சா சீட்டு என்னாகும்?"

"செல்லாது. ரகசிய ஓட்டு இல்லையா? எழுத்தை வச்சு ஆள் தெரிஞ்சா தள்ளிடணும். ஏன், யாருன்னு தெரியுமா?"

"டோரீன்."

பாரி சீட்டைப் பார்த்தார், வில்ஃபைப் பார்த்தார். "குறி காலினுக்குல்ல போட்டிருக்கு?"

"கண்ணு தெரியுதுடா எனக்கு."

"அப்ப பேசாம தோத்துட்டுப் போ. பதவி போனா அடுத்த தேர்தல்ல வரும். பொண்டாட்டியே ஓட்டுப் போடலன்னு ஊருக்குத் தெரிஞ்சா, சாகற வரைக்கும் கிளப்புப் பக்கம் தலைகாட்ட முடியாது."

வில்ஃப் யோசித்தார். ரொம்ப நேரமில்லை. ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் சங்கிலி. கழுத்தில் சங்கிலி கிடந்தால் எவன் மானத்தைப் பார்க்கப்போகிறான்?

"மிஸஸ் லாக்வுட்!" அரங்கம் முழுக்கக் கேட்டது. "அந்தச் சீட்டு செல்லாது. எழுதினது என் சம்சாரம்."

எண்ணுகிற கைகள் நின்றன. பக்கத்து வார்டு வேட்பாளர் ஒருவர் கேக்கை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நாப்பது வருஷமா அந்தக் கையெழுத்தோட குடும்பம் நடத்தறேன். அந்தக் குப்பைத்தொட்டிப் பேச்சை வேற யாரு பேசுவா?"

சீட்டை எண்ணிய பெண் சொன்னாள்: "எங்க வீட்ல நான் பேசுவேன், சார்."

"எங்கம்மா தினமும் பேசுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

"உங்க வீட்டுக் கதை எனக்கெதுக்கு? இது டோரீன்தான். எந்தக் கோயில்ல வேணா சத்தியம் பண்றேன்."

காலினுக்கே பரிதாபமாகிவிட்டது. "எனக்கு ஆட்சேபம் இல்ல, மேடம். பொண்டாட்டி தனக்கு எதிராப் போட்டான்னு எந்த ஆம்பளையாவது பொய் சொல்வானா? தள்ளிடுங்க. குலுக்கியே பாத்துக்கலாம்."

மிஸஸ் லாக்வுட் ஒரு பெருமூச்சு விட்டார். பிஸ்கட் டப்பாவை மறுபடி பக்கத்தில் இழுத்தார். இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதினார். செல்லாது என்று முத்திரை குத்த, குப்பைத்தொட்டிச் சீட்டைக் கையில் எடுத்தார். வில்ஃப் சரிந்த தோளை நிமிர்த்திக்கொண்டார். குலுக்கலில் தன் பெயர்தான் வரும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமில்லை.

அப்போது அரங்கக் கதவு திறந்தது. முதலில் கைத்தடி வந்தது, பிறகு நீலத் தொப்பி, அதன் கீழே டோரீன். பஸ் பிடித்து வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அறிவிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். "கோவமாத்தான் இருந்தேன். ஆனா நீ மேடை ஏறும்போது நான் வரலன்னா நல்லாருக்காதேன்னு வந்தேன். எல்லாரும் ஏன் என்னையே பாக்கறாங்க? தொப்பி கோணலா இருக்கா?"

சபை மொத்தமும் வில்ஃபைப் பார்த்தது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு மேயர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முன்னால் போய் அவள் கையைப் பிடித்தார்.

"டோரீன், இத்தனை பேர் முன்னால சொல்றேன். நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

"என்னையா? எதுக்கு?"

"நீ காலினுக்கு ஓட்டுப் போட்டதுக்கு. மனசுல எதுவும் வச்சுக்கல. நேத்து ஜன்னல்ல நின்னு அவ்வளவு ஆசையா எனக்குக் கை காட்டினியே, அது ஒண்ணு போதும் எனக்கு."

டோரீன் கையை உருவிக்கொண்டாள்.

"நான் எங்க ஓட்டுப் போட்டேன்? கோட்டை மாட்டிக்கிட்டு, என்னையும் ஏத்திக்க வேனை நிறுத்துடான்னு காலைலேருந்து இருட்டற வரைக்கும் ஜன்னல்ல நின்னு கையாட்டினேன், நீ ஒவ்வொரு நடைக்கும் பல்லைக் காட்டிக் கையாட்டிட்டுப் போய்க்கிட்டே இருந்த!"