தெளிவாக எழுதிய ஹர்ஜி

பாறசாலை,
27-8-1954

மதிப்பிற்குரிய மைத்துனர் ரெத்தினதாஸ் வாத்தியார் அவர்களுக்கு நேசையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மாடும் மரச்சீனியும் சுகம். மற்றவர்களைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அங்குள்ளோர் சுகம் அறிய ஆவல்.

நம் தாலுகா தமிழகத்தோடு சேர வேண்டும் என்று இம்மாதத் தொடக்கத்தில் போன ஊர்வலத்தில் போலீஸ் வண்டிக் கண்ணாடி உடைந்ததும், என் மகன் பொன்னுதாஸைப் பிடித்துப் போனதும் உங்கள் மகன் எபனேசர் சொல்லி அறிவீர்கள். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் பிள்ளை, அன்று ஒரு வாய் சோறு உண்ணாமல் அழுதுகொண்டே பஸ் ஏறினான். லாக்கப்பில் போய்க் கேட்டேன். "நான்தான் எறிஞ்சேன் அப்பா" என்று பொன்னுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கோர்ட்டு வாசலில் முப்பது வருஷமாக ஹர்ஜி, மனு எழுதும் கிருஷ்ணன்குட்டியிடம் ஓடினேன். அவர் ஆறு பக்கம் எழுதினார். கருணைக்கடல், ஏழைபங்காளர், அடியேன் எல்லாம் வந்தது, கல் மட்டும் வரவில்லை. 'சில விரும்பத்தகாத சங்கதிகள் நேர்ந்ததாகக் கேள்வி' என்று ஒரே வரி. அதை உங்கள் பார்வைக்கு அனுப்பினேன் பாருங்கள், அதுதான் என் கஷ்டகாலம். 'அலங்காரம் வேண்டாம், வாக்கியம் சிறிதாக இருக்கட்டும், முக்கியமானதை முதலில் சொல்க, யார் செய்தார் என்பதை மறைக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பினீர்கள். படித்தவர் சொல்லாயிற்றே என்று நானே உட்கார்ந்து எழுதினேன். 'என் மகன் பொன்னுதாஸ் கல்லெறிந்தான். கண்ணாடி உடைந்தது. அவனுக்கு வயது பத்தொன்பது. விட்டுவிடுங்கள்.' கிருஷ்ணன்குட்டி பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "எலே நேசையா, ஹர்ஜிண்ணா கொஞ்சம் மூடலா இருக்கணும். தெளிஞ்சா அது கேஸாக்கும்!" நான் கேட்காமல் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் நின்றபடியே வாசித்து, "கொள்ளாம், ஒரு வட்டம் வாசிச்சா போரும், ரெண்டாவது வேண்டா" என்று மெச்சி, கேஸ் கட்டில் வைத்துத் தைத்துவிட்டார். அதுவரை அவர்களிடம் ஒரு சாட்சிகூட இல்லையாம். என் எழுத்தை இந்த ஐம்பது வயதில் ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

உங்கள் தங்கை செல்லபாய் மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை. "எனக்க அண்ணனும் நீங்களும் சேந்து எனக்க பிள்ளைய எழுதிக் குடுத்திட்டிய" என்கிறாள். எனக்கும் மனது ஆறவில்லை மச்சான். பெற்ற பிள்ளைக்கு எதிராக என் கையெழுத்தே போய் நிற்கிறது.

உங்களுக்கும் குடும்பத்துக்கும் கர்த்தர் நிறைந்த சுகமும் குறைந்த சிவப்பு மையும் அருள்வாராக.

இப்படிக்கு,
நேசையன்

பி.கு.: இதை ஒட்டுமுன் லாக்கப்புக்குச் சோறு கொண்டுபோனேன். பொன்னுதாஸ் இன்றுதான் உண்மையைச் சொன்னான். கல்லெறிந்தது அவனல்ல, எபனேசர். "அவனுக்குப் பரீச்சை உண்டுல்லா அப்பா, மாமா தாங்கமாட்டாவ" என்று இவன் தன் தலையில் ஏற்றுக்கொண்டானாம். இனி வேறு ஹர்ஜி கொடுக்க வேண்டும். யார் செய்தார் என்பதை முதல் வரியிலேயே எழுதவா, அல்லது கிருஷ்ணன்குட்டியிடமே போகவா? மறுதபாலில் தெளிவாக எழுதவும்.