கிடார் பெட்டிக்கு மூன்று கொட்டேஷன்

மூன்றாவது கொட்டேஷன் மட்டும் வந்தபாடில்லை.

இளஞ்செழியன் மேசையில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். ஃபைல் அட்டையில் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது: 'பொருள்: வீட்டு உபயோகத்துக்கான கிடார் ஆம்ப்ளிஃபயர், எண்ணிக்கை ஒன்று, கொள்முதல் செய்வது தொடர்பாக.' கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எதிரே கட்டிலில் அவர் மனைவி பூர்ணிமா கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டியபடி கிடார் வாசித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அனுப்பிய பாடம் காதில் இயர்போனில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அது எலெக்ட்ரிக் கிடார். பெட்டியில் மாட்டாமல் வாசித்தால், டிபன் டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரிதான் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக ஒரு குறையும் சொல்லாமல் பழகுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு இளகியது.

இளஞ்செழியன் அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாங்கிய எந்தப் பொருள் மீதும் ஆடிட் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வாங்கிய பொருள்கள் யாருக்காவது பயன்பட்டனவா என்றும் ஆடிட் கேட்டதில்லை. அலுவலகத்து முறையையே அவர் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் வீட்டிலும் கடைப்பிடித்தார். மிக்ஸி வாங்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார். மிகச் சரியான மிக்ஸியைத் தேர்ந்தெடுத்துக் கடைக்குப் போனபோது, அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பூர்ணிமா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தொன்பது வயதில் கிடார் வகுப்பில் சேர்ந்து, பழைய கிடார் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தாள். போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ஏங்க, வீட்டுல பழகுறதுக்கு அஞ்சு வாட் பெட்டி போதும்னு கிளாஸ்ல சொல்றாங்க. சின்னதா, விலை கம்மியா. அரை மணி நேர வேலை. நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

இளஞ்செழியன் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"அரை மணி நேரத்துல வாங்குறது கீரைக்கட்டு. இது எலெக்ட்ரானிக்ஸ். என்கிட்ட விடு."

பூர்ணிமா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மிக்ஸியை நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லோரும் மேடையேறி வாசிக்க வேண்டும் என்றும், அதற்கு முன்னால் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு ஒன்று சேர்த்தாள்.

"இல்லன்னா, இனிமே இந்த வீட்டுக்கு ஒரு கரண்டி வாங்குறதுன்னாலும் நான்தான் வாங்குவேன். நீங்க தலையிடக் கூடாது."

சாதாரணக் கணவனுக்கு இது சந்தோஷச் செய்தி. கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு இது சஸ்பென்ஷன். இளஞ்செழியன் அன்றே ஃபைல் போட்டார்.

முதல் வாரம் ஃபைலுக்கு எண் கொடுப்பதிலும் தலைப்பைத் திருத்துவதிலும் போயிற்று. இரண்டாவது வாரம் இஞ்ச் டேப்போடு கிடாரை நேரில் ஆய்வு செய்தார். நீளம், அகலம், கம்பிகள் ஆறு, பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. கட்டிக்கு எதிரே 'கிடாரின் பாகம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்தது தொழில்நுட்பக் கருத்து. அலுவலகத்தில் அந்தத் தகுதி பிரேம்குமாருக்குத்தான் இருந்தது. அவருடைய மச்சான் கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிறவர். அஞ்சு வாட் என்று கேட்டதும் பிரேம்குமார் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், உங்க வீட்டு சாமி ரூம்ல எரியுதே ஜீரோ வாட் பல்பு, அதுவே பதினஞ்சு வாட் இழுக்கும். அஞ்சு வாட்ல என்னா கேக்கும்? எறும்புகூடத் திரும்பிப் பாக்காது."

இளஞ்செழியனுக்கு இது நியாயமாகப் பட்டது. இருபது வாட் என்று திருத்தினார். எதிர்காலத் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாற்பது.

முல்லா வீதிக்குப் பக்கத்தில் ஜெய்னுலாபுதீன் பாயின் இசைக்கருவிக் கடை. பாய் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். நாற்பது வாட் என்பது கல்யாண மண்டபத்துக்குச் சரி, வீட்டில் பழகுகிறவர்களுக்கு அதில் எட்டில் ஒரு பங்கு போதும் என்றார். பிறகு விசாரித்தார்.

"யாரு சார் வாசிக்கிறது?"

"பயனாளி ஒருத்தங்க இருக்காங்க."

"அவங்கள ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. கையில குடுத்து நாலு நிமிஷம் வாசிக்கச் சொன்னா அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

"பயனாளிய எல்லாம் இதுல கூப்பிடுற வழக்கம் எங்ககிட்ட இல்ல பாய்."

பாய் பேனாவை எடுத்தார். கேட்டபடி நாற்பது வாட்டுக்குக் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கொட்டேஷன் இன்னொரு கடையிலிருந்து வந்தது.

அலுவலகத்தில் செய்யாததை இளஞ்செழியன் வீட்டில் செய்தார். தினமும் சாயங்காலம் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, பயனாளிக்கு அன்றைய நிலவரத்தை விளக்கினார். பூர்ணிமா வாசித்துக்கொண்டே தலையாட்டினாள். உத்தரவாதக் காலம் பற்றிச் சொன்னபோது தலையாட்டல் வேகமெடுத்தது. அவளுக்கும் அதில்தான் அக்கறை என்று தெரிந்துகொண்டார். கறுப்பு நிறமா பழுப்பு நிறமா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆட்டினாள். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு பொறுமையாகத் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று நினைத்தபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. ஃபைலில் 'பயனாளியின் ஒப்புதல் பெறப்பட்டது' என்று குறித்தார்.

நாற்பது வாட் என்றதும் அக்கம்பக்கத்து நினைவு வந்தது. பிளாக்கில் மொத்தம் எட்டு வீடு. மற்ற ஏழு வீட்டுக்கும் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். 'எங்கள் இல்லத்தில் நாற்பது வாட் திறனுள்ள ஒலிபெருக்கும் சாதனம் நிறுவப்பட உள்ளது. ஆட்சேபணை இருப்பின் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

பூர்ணிமா கிடார் வாசிப்பது அதுவரை பிளாக்கில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தது. ஏழு வீட்டிலிருந்து பதினோரு ஆட்சேபணை வந்தது. எதிர் வீட்டுத் தாமரைச்செல்வி மட்டும் மூன்று கொடுத்தார்: தனக்கு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு, ஊரிலிருந்து வரப்போகும் மாமியாருக்கு.

குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் இராமதாஸ் தீர்மானத்தைப் படித்தார். மேற்படி சாதனத்தை வேலை நாட்களில் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் இயக்கலாம்.

"அந்த நேரத்துல அவ ஸ்கூல்ல இருப்பாளே," என்றார் இளஞ்செழியன்.

"அதான் சார். யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க," என்றார் இராமதாஸ்.

இளஞ்செழியன் விடவில்லை. தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்: 'ஒலி அறைக்குள் தெளிவாகவும், அறைக்கு வெளியே அறவே கேளாமலும் இருத்தல் வேண்டும்.' பாய் அதைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தார்.

"சார், நாப்பது வாட்டும் வேணும், வெளிய கேக்கவும் கூடாதுன்னா, அந்தப் பெட்டி இன்னும் பொறக்கல."

மூன்றாவது கொட்டேஷன் ஒருவழியாக உப்பளத்து சவுண்ட் சர்வீஸ் ஒன்றிடமிருந்து வந்தது. மூன்றிலும் அதுதான் தொகை குறைவு. குறைந்த தொகைக்காரருக்கே கொடுக்க வேண்டும் என்பது விதி. இளஞ்செழியன் நிம்மதியாகக் கையெழுத்துப் போடப் போனவர், கடைசி வரியைப் படித்தார். நான்கு ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர், இரண்டு ஆள், அவர்களுக்கு டீ. வாடகை ஒரு நாளைக்கு. அதை ஏன் நிராகரிக்கிறோம் என்று ஐந்து பக்கம் எழுத வேண்டியிருந்தது. அதில் நான்கு நாள் போயிற்று.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, சனிக்கிழமை சாயங்காலம், மேடைக்குப் போகும் ஞாயிறுக்குள் முடித்தே தீருவது என்று இளஞ்செழியன் நேரடிச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். பாய் நாற்பது வாட் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே வந்தார். தொழில்நுட்பத் தரப்பில் பிரேம்குமார் வந்தார். சங்கத்தின் சார்பில் இராமதாஸ், சத்தத்தை அளக்கும் ஆப்பைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தாமரைச்செல்வி எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவது ஆட்சேபணையோடு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

பூர்ணிமா உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு பழகிக்கொண்டிருந்தாள். முதலில் வெறும் பெட்டியைச் சோதிப்போம், கடைசியில் பயனாளியைக் கூப்பிடலாம் என்று இளஞ்செழியன் முடிவு செய்திருந்தார்.

பாய் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, ஒயரைச் சொருகி, திருகுகளைக் குறைத்து வைத்தார். கொறச்சி வெச்சா டெஸ்ட் எப்படி ஆகும் என்று பிரேம்குமார் அத்தனை திருகையும் கடைசி வரைக்கும் திருப்பினார். பிறகு ஒயரின் மறுமுனையை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று கட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

மிக்ஸியில் ஒரு கிலோ ஆணியைப் போட்டு ஓட்டியது போல் ஒரு சத்தம் கிளம்பியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நகர்ந்தன. மூன்றாம் நம்பர் வீட்டுக் குழந்தை அழுதது. தெருவிலிருந்த நாய்கள் ஏர்போர்ட் பக்கமாக ஓடின. பிரேம்குமார் பயத்தில் ஒயரை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் சத்தம் நிற்கவில்லை. பாய்தான் எட்டிப் போய் சுவிட்சை அணைத்தார்.

இராமதாஸ் போனைப் பார்த்தார். ஆப் நின்றுபோயிருந்தது. தாமரைச்செல்வி ஆட்சேபணையின் அடியில் பேனாவால் இன்னும் நான்கு வரி எழுதினார்.

உள்ளறையிலிருந்து மட்டும் ஒரு அசைவும் இல்லை. தன் வீட்டில் ஒரு ஆளுக்காவது இந்தக் கொள்முதலின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று இளஞ்செழியன் தேற்றிக்கொண்டார். கதவைத் திறந்து, வாசித்துக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தார். பூர்ணிமா கிடார் கழுத்தில் தொங்க, ஒரு காதின் இயர்போனைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றாள்.

பாயின் முகம் மலர்ந்தது.

"அட, டீச்சரம்மா. இது உங்க வீடா?"

"வாங்க பாய். என்ன இந்தப் பக்கம்?"

பாய் அவளைப் பார்த்தார். நாற்பது வாட் பெட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக இளஞ்செழியன் பக்கம் திரும்பினார்.

"சார், பயனாளி பயனாளின்னு சொன்னீங்களே, அது இவங்களா? இவங்க போன மாசமே வந்து வாங்கிட்டாங்களே. கால் மணி நேரம்கூட ஆகல."

"என்னத்த வாங்குனா?"

பாய் கிடாரின் பக்கவாட்டில் இருந்த கறுப்புக் கட்டியைக் காட்டினார். கிடாரின் பாகம் என்று இளஞ்செழியன் கையெழுத்துப் போட்ட கட்டி.

"இதுதான் ஆம்ப்ளிஃபயர். இப்படிச் சொருகிட்டு இயர்போன மாட்டிக்க வேண்டியதுதான். பெரிய பெட்டியில வர்ற மாதிரியே கேக்கும், வாசிக்கிறவங்களுக்கு மட்டும். வெளிய ஒரு சத்தம் இருக்காது."

இராமதாஸ் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரேம்குமார் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதில் 'பயனாளியின் ஒப்புதல் பெறப்பட்டது' என்ற குறிப்பு மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

"அப்போ நான் தெனம் சாயங்காலம் உக்காந்து சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினியே, பூர்ணிமா?"

பூர்ணிமா மேடைக்கு வைத்திருந்த பாட்டின் தாளத்தைக் கிடார் மரத்தில் விரலால் ஒரு தடவை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் கடைக்காரனால் ஒரு மனக்கசப்பு வரக்கூடாதே என்று ஜெய்னுலாபுதீன் பாய்தான் குறுக்கே வந்தார்.

"சரக்குல குறை ஒன்னும் இல்ல சார். இத மாட்டிக்கிட்டா, எதிர்ல உக்காந்து யாரு எவ்ளோ நேரம் பேசினாலும் காதுல விழாதுல்லன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டுட்டுதான் வாங்கினாங்க."