மூன்று வருட வாரண்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்தது பிழையில்லை. கொழும்பில் ஒரு வரிசை சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது உண்மை. டை கட்டிய ஒரு அதிகாரி தலையில் கைவைத்ததும் உண்மை. ஆனால் நாலு முறை இடம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவள், ஒரு கடதாசியைப் பத்திரப்படுத்தியதற்காக எதற்கு வெட்கப்பட வேண்டும்? (வெட்கப்பட்டேன். அது அன்றைக்கு மட்டும்.)

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறி இரண்டாம் வருடம். எனக்கு இருபத்துமூன்று வயது, முருங்கன் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. பெயர்தான் போட்டோக்கொப்பிக் கடை, பிழைப்பு ஓடியது லமினேற் மெஷினால். ஊருக்குத் திரும்பிவந்த சனம் முழுக்க எங்கள் வாசலில்தான் நின்றது. பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், நிவாரண அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டித் தரச்சொல்லிக் கேட்பார்கள். ஒரு ஐயா ஆஸ்பத்திரித் துண்டொன்றைக் கொண்டுவந்தார். அதில் 'நாளை வரவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதையும் செய்து கொடுத்தேன். ஒரு கடதாசி இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைந்தவருக்கு, எந்தக் கடதாசியை எப்போது கேட்பார்கள் என்று எப்படித் தெரியும்? இப்படியே நாள் முழுக்கச் செய்து, வெள்ளையாக எதைக் கண்டாலும் என் கை தானாக மெஷினுக்குள் தள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு உதவி நிறுவனம், சேதமான வீடுகளின் விவரங்களைப் பதிவதற்கு ஆள் எடுத்தது. ஒரு வருட ஒப்பந்தம், கடைச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. நேர்முகத்தில் தெரிவாகிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, சொந்த லப்டொப்போடு வரவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அடுத்த பெயர் ஒரு பேசாலைப் பிள்ளையுடையது. என்னைவிட வேகமாக ரைப் பண்ணுவாள், எல்லோரோடும் சிரித்துப் பேசுவாள், நல்ல பிள்ளை. எனக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது.

அப்பா காலபோக அறுவடையில் நெல் விற்ற காசை எடுத்துத் தந்தார். அந்தக் காசில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்க முடியுமா? ஒரு கொப்பியில் கோடு கிழித்து, மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டு ஆராய்ச்சியே நடத்தினேன். பெயர் சொல்லமாட்டேன், மூன்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

எது பழுதாகாமல் உழைக்கும் என்பது முதலாவது கேள்வி. வங்காலையில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியாரின் லப்டொப் கடற்காற்றைத் தாங்கி நாலு வருடம் ஓடியிருந்தது. (கிழமைக்கு ஒரு முறை பிரசங்கம் ரைப் பண்ண மட்டுமே அதைத் திறந்தாராம். அதை எழுத மறந்துவிட்டேன்.) இரண்டாம் நிறுவனத்தின் லப்டொப், மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த பிறகும் வேலை செய்ததாக ஒரு கள உத்தியோகத்தர் சத்தியம் பண்ணினார். மோட்டார் சைக்கிள்தான் வேலை செய்யவில்லையாம். அடுத்தது வாடிக்கையாளர் சேவை. மூன்று இடத்துக்கும் கடைப் போனில் எடுத்தேன். முதலாவது இடத்தில் பதினொரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். இரண்டாவதில் சிங்களத்தில் ஏதோ கேட்டு, நான் யோசித்து முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள். மூன்றாவதில் ஒரு பெண் குரல், "வணக்கம், சொல்லுங்க" என்றது. அதோடு அந்த நிறுவனம்தான் மூன்று வருட வாரண்டியும் கொடுத்தது. ஆராய்ச்சி முடிந்தது.

"மூண்டு வருசமோ?" என்றார் அப்பா. "நாங்கள் ஒரு இடத்தில மூண்டு வருசம் சேர்ந்தாப்போல இருந்து எவ்வளவு காலம், பிள்ளை?"

"அதுக்காகத்தான் அப்பா. இந்த முறை இருப்பம்."

மன்னார் பட்டினத்தில் ஒரு கடையில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை மதியம், முதலாளி ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். சீல் அவருடைய மேசை லாச்சிக்குள், லாச்சித் திறப்பு அவருடைய சட்டைப் பைக்குள். கடையில் நின்ற பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள்.

"கொஞ்சம் நில்லுங்கோ அக்கா. அவர் வந்து திகதி போட்டு, சீல் அடிச்சாத்தான் வாரண்டி செல்லும்."

"பஸ் போயிடும். இன்னொரு நாளைக்கு வாறன்."

முருங்கனில் இறங்கி நேரே கடைக்குப் போனேன். லப்டொப்பைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் இல்லை. முதல் வேலையாக வாரண்டி அட்டையை மெஷினுக்குள் விட்டேன். கண்ணாடிபோல வந்தது. சீல் அடிக்கவேண்டிய கட்டமும் திகதிக் கோடும் வெறுமையாக, பளபளவென்று, இனி எந்தப் பேனையும் தொடமுடியாதபடி உள்ளே இருந்தன. அது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்ததாகப் பில்லை விட்டேன். வெள்ளையாகப் போனது, கரிச்சட்டிபோல் கறுத்து வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் அதுவரை காபன் தாள் வைத்துக் கையால்தான் பில் எழுதுவார்கள். மெஷினில் அடிக்கும் பில் சூடு பட்டால் கறுக்கும் என்று யார் கண்டது? எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கறுப்பையும் பைக்குள் வைத்தேன்.

ஏழாம் நாள் லப்டொப் கண்ணை மூடியது. எந்தப் பொத்தானை அமத்தினாலும் திரை வரவில்லை. அன்று வியாழன், திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். அப்பா வழிநெடுகப் போன் எடுத்து, "கடதாசி எல்லாம் பத்திரமோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதைவிடப் பத்திரமாக உலகத்தில் எந்தக் கடதாசியும் இருந்திருக்காது.

சேவை நிலையத்தில் டை கட்டிய அதிகாரி அட்டையை வாங்கி அங்கும் இங்கும் திருப்பினார். கறுத்த பில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்து மேசைப் பெண் எழும்பி வந்தாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, போனில் வணக்கம் சொன்னவள். பெயர் ஃபர்சானா.

"இது என்னண்டு கேக்கிறார்."

"பில்."

ஃபர்சானா சொன்னாள். வரிசை சிரித்தது. அதிகாரி திகதிக் கோட்டில் பேனையை வைத்துப் பார்த்தார், வழுக்கியது. ஊதிவிட்டு மறுபடி எழுதினார். பிறகு தன் மேசையில் கிடந்த சீலால் ஒருக்கால் குத்திப் பார்த்தார். அது அட்டையில் பிடிக்காமல் அவருடைய விரலில் ஒட்டியது. அந்தக் கையைத்தான் தலையில் வைத்தார். நெற்றியில் ஊதா நிறத்தில் அரைவாசிச் சீல். வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது, நான்தான் ஏதோ செய்து சிரிக்கவைக்கிறேன் என்று நினைத்து அவர் என்னை முறைத்தார்.

எனக்குக் காது சுட்டது. பேசாலைப் பிள்ளை என் கதிரையில் இருந்து ரைப் பண்ணுவது கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரிட்டச் சொல்லுங்கோ," என்றேன். "இந்த அட்டையை மழையில போடட்டும், கிணத்துக்குள்ள போடட்டும், ஒண்டும் ஆகாது. ஏழு நாளில செத்தது என்ர அட்டையில்லை, உங்கட லப்டொப்."

ஃபர்சானா மொழிபெயர்த்தது நான் சொன்னதில் கால்வாசி நீளம்கூட இல்லை. பிறகு கறுத்த பில்லைக் கையில் எடுத்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கட உம்மாவும் இப்பிடித்தான். தொண்ணூறில ஊர விட்டுப் போகச் சொன்ன நேரம், எருக்கலம்பிட்டியால புத்தளத்துக்கு வரக்குள்ள ஒரு கடதாசியும் கொண்டுவரல்ல. இப்ப கரண்ட் பில்லையும் பிளாஸ்ரிக் போட்டுத்தான் வெச்சிருக்கா. இரிங்க, அந்தக் கடைக்குப் பேசிப் பாக்கிறேன்."

மன்னார் முதலாளி தன் விற்பனைப் புத்தகத்தில் என் பெயரைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தில் சீல் குத்தி, பின்னேரம் ஃபக்ஸ் மெஷினில் அனுப்பினார். அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆனால் உதிரிப்பாகம் வர இரண்டு கிழமை செல்லுமாம்.

"அப்ப ஒரு கடிதம் தாங்கோ," என்றேன். "லப்டொப் என்னுடையது, உங்களிட்டத்தான் கிடக்குது எண்டு. தராமல் நான் எழும்பமாட்டன்."

எழும்பவும் இல்லை. பூட்டும் நேரத்துக்குச் சற்று முன்னர் கடிதம் வந்தது, கையொப்பம், சீல் எல்லாம் போட்டு. அதை நான் லமினேற் செய்யவில்லை. (ஆறு போட்டோக்கொப்பி எடுத்தேன்.)

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"லப்டொப் எங்க, தங்கச்சி?"

"கொழும்பில, சேர். சொந்த லப்டொப் வேணும் எண்டுதானே போட்டிருந்தீங்கள். கையில வேணும் எண்டு போடேல்லையே."

அவர் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பிறகு ஒரு கட்டுப் படிவத்தைத் தூக்கித் தந்து, லப்டொப் வரும்வரை வீடுவீடாகப் போய் நிரப்பச் சொன்னார். அந்த வேலை ஒரு வருடத்தில் முடியவில்லை, நாலு வருடம் நீண்டது. மூன்று வருடம் கடந்தும் நாங்கள் அதே வீட்டில்தான் இருந்தோம். அப்பா கிணற்றடியில் ஒரு மாங்கன்று வைத்தார்.

கலியாணத்துக்குப் பிறகு, அடுத்த லப்டொப்பையும் அதே நிறுவனத்தில்தான் வாங்கினேன். வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை, அதனாலேயே வாங்கினேன். அதே மன்னார்க் கடையில் வைத்து என் கணவர் புது வாரண்டி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாக வாசித்தார். அடியில் மூன்று மொழியிலும் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது: 'இவ்வட்டையையும் பற்றுச்சீட்டையும் லமினேற் செய்ய வேண்டாம்.'

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாணக் காட் வந்தாலும் சரி, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வந்தாலும் சரி, யாராவது அந்த வரியைச் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார்கள். அது எனக்காகவே அச்சடித்தது என்று நான் சொல்வேன். ஒருத்திக்காக ஒரு நிறுவனம் அட்டையை மாற்றுமா, இப்படி எத்தனை பேர் போய் நின்றார்களோ என்பார் கணவர். அப்படியானால் இன்னும் நல்லது. அத்தனை பேரும் இந்த முறை கடதாசியைத் தொலைக்காமல் கொண்டுபோய் நின்றிருக்கிறார்கள்.

அந்த இரண்டாம் லப்டொப் வாங்கிய அன்று, முதலாளி திகதி போட்டு, சீல் அடித்து, மை காயும்வரை கடையிலேயே நின்றேன். இரண்டு பஸ் போனது. மூன்றாவது பஸ்ஸில் முருங்கனுக்கு வந்து அந்த அட்டையை லமினேற் செய்தேன், அடியில் இருக்கும் வரி வடிவாகத் தெரியும்படி.