அணியில் யாரை நீக்கலாம் என்று நான் சொன்னது பற்றி

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். நான் நலமா இல்லையா என்பதை, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீதான் முடிவு செய்ய வேண்டும். அங்கே நீயும், உன் மனைவியும், உன்னைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் உன் மாமனாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனை அணைத்து வைத்திருக்கிறாய். வைத்திருக்க வேண்டியதுதான். நீ பயிற்சி கொடுக்கும் அணி பட்டியலில் கடைசியாக வந்தால், எதிரே வருகிறவனெல்லாம் யோசனை சொல்வான். "கொஞ்ச நாளைக்கு யாரும் எங்கிட்ட ஃபுட்பால் பேசாதீங்க, விலகிடலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதை நான் மதிக்கிறேன். ஆகவே இது ஃபுட்பால் பற்றிய கடிதம் அல்ல. நம் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வராதது பற்றியும், என் மீசை போனது பற்றியும், இப்போதெல்லாம் நான் எங்கே போனாலும் நடந்தே போவது பற்றியும்தான் எழுதுகிறேன். மூன்றிலும் உன் அணி இடையில் சற்று வருகிறது, அவ்வளவுதான்.

உனக்கே தெரியும், உன் அணியின் ஆட்டம் ஒன்றையும் நான் விட்டதில்லை. கூரை நிழலுக்காகக் கேலரியின் உச்சிப் படியில் போய் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது, முதுகில் இருக்கும் எண் தெரியும். எனக்கு அது போதும். வகுப்பிலும் பையன்களின் பெயரைவிட வரிசை எண்தான் எனக்குச் சட்டென்று வாயில் வரும். ஆகவே உன் பையன்களை நான் எண்களாக அறிவேன். மற்ற நாட்களில் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எந்த முகத்தோடு ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்பதை அறியேன்.

போன வாரம் என் வழக்கமான சலூன் பூட்டியிருந்ததால், மார்க்கெட்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் சலூனுக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்தாயிற்று. முகமெல்லாம் நுரை, கழுத்தில் கத்தி. சலூன்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க நம்ம கோச்சோட அத்தான்தானே? டீமை மாத்தப் போறாங்களாமே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அந்தச் சொல் மட்டும் வராது.

"மாத்தணும்னா முதல்ல மூணாம் நம்பரைத்தான் மாத்தணும்" என்றேன்.

கத்தி நின்றது. "மூணாம் நம்பர் என்ன சார் பண்ணான்?"

"ஒண்ணுமே பண்ணலையே, அதான். எதிர் டீம்காரன் பந்தோட வந்தா, லிஃப்ட்ல பெரியவங்களுக்கு ஒதுங்கி நிக்கிற மாதிரி ஒதுங்கி நிக்கிறான். இன்னும் கொஞ்சம் விட்டா கோலுக்கு வழியும் சொல்லி அனுப்புவான்."

"அன்னிக்கு அவனுக்கு முழங்கால் வலி சார்."

"அது உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"என் முழங்கால் சார்."

மைத்துனா, பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்து முகம் வாடி நிற்கும் பையனிடம் நான் எப்போதும் ஒன்றைத்தான் செய்வேன். அவனைவிடக் குறைவாக வாங்கியவனைக் காட்டுவேன். "நீ தேவலைடா, உன் பின்னாடி உக்காந்திருக்கானே, அவனைப் பாரு" என்பேன். உடனே முகம் தெளிந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் முகம் என்ன ஆயிற்று என்று நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் கழுத்தில் கத்தி இருக்கும்போது என்னைக் கைவிடவில்லை. "உன்னை விடுப்பா, நீயாவது வலியோட ஆடற. அந்த ஒன்பதாம் நம்பரைப் பாரு. கை கால் எல்லாம் நல்லா இருந்தும் கோல்போஸ்ட் எந்தப் பக்கம் இருக்குன்னு அவனுக்குத் தெரியல" என்றேன். சலூன்காரர் முகம் தெளிந்தது. ஆனால் கவனம் கத்திக்குத் திரும்பவில்லை. மீசையின் இடது ஓரம் கொஞ்சம் ஏறிவிட்டது, அதற்குச் சமமாக வலது ஓரத்தை எடுத்தார், அது கூடிப்போகவே மறுபடி இடது, இப்படிப் போய்ப் போய், கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக ஒன்றுமே இல்லாமல் முடிந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அக்கா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாள். தெரியாமல் கேட்கவில்லை, வேண்டுமென்றேதான் கேட்டாள்.

மறுநாள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தேன். வந்தார், நல்ல வேகமான ஆள், எல்லாக் குழாயையும் கழற்றிக் கீழே பரப்பிவிட்டு, வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே பேசினார்.

"ஏன் சார், எனக்கு கோல்போஸ்ட் எந்தப் பக்கம்னு தெரியாதாமே?"

நான் பக்கெட்டோடு நின்றிருந்தேன். படுத்திருக்கும் ஒருவரை அதற்கு மேலும் கீழே தள்ள மனம் வருமா? "யாருப்பா உன்னைச் சொன்னது? நீ அடிக்காம விட்டது நாலு கோல்னா, கோல்கீப்பர் பிடிக்காம விட்டது நாப்பது. பந்து அவன் கைக்கு வந்துட்டு, மனசில்லாம வலைக்குள்ள போகுது" என்றேன். பிளம்பர் எழுந்து உட்கார்ந்தார். "இதை நான் ரெண்டு வருஷமாச் சொல்றேன் சார், யாரும் கேக்கல. நீங்களே சொன்னீங்கன்னு அவன்கிட்ட இப்பவே சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனார். போனவர் வரவில்லை. குழாய்கள் இன்றைக்கும் அப்படியே கிடக்கின்றன.

கோல்கீப்பர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை நான் பஸ் நிறுத்தத்தில் தெரிந்துகொண்டேன். பஸ் வந்தது, கை காட்டினேன், வேகம் குறைந்தது, டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கைக்கு வர்றதை விடறவன்தானே சார் நான்" என்று சொல்லிவிட்டு என்னையும் விட்டுவிட்டுப் போனார். மனம் கேட்கவில்லை. டிப்போ வரைக்கும் நடந்தே போய், டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து, "கேப்டன் உன் முன்னாடி பீரோ மாதிரி நின்னு மறைச்சா உனக்குப் பந்து எப்படிப்பா தெரியும்?" என்று ஆறுதல் சொன்னேன். அவர் முகமும் தெளிந்தது. எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிற்று. மருந்துக்கடையில் எத்தனையோ வருடமாக எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அமைதியான மனிதர்தான் உன் கேப்டன் என்பது, அவர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நான் பீரோ மாதிரி நிக்கிறேனாமே" என்று மெதுவாகக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. திட்டினால் பதில் சொல்லலாம், அவர் வருத்தப்பட்டார். அவரைவிட மோசமானவர் யாராவது கிடைப்பாரா என்று அவசரமாகத் தேடினேன். கேப்டனுக்குக் கீழே காட்ட எனக்கு ஆள் அகப்படவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "உன் மேல என்னப்பா தப்பு? கோச் நிக்கச் சொன்ன இடத்துல நீ நிக்கிற. சொல்லிக் கொடுக்கறவரே சரியில்லைன்னா?"

இந்த முறை முகம் தெளியவில்லை. மாத்திரையை உறையில் போட்டு, என்னைப் பார்க்காமலே, "கோச்சைச் சொல்லாதீங்க சார்" என்றார். எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினேன். இருமல் மருந்து வாங்க நின்றிருந்தவர் உங்கள் கிளப் செயலாளர்.

அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. கோச்சை வெச்சுக்கலாமா, மாத்தலாமான்னு எங்களுக்கே குழப்பமா இருந்துச்சு. சொந்த அத்தானே சொல்லிட்டீங்க, எங்க வேலை சுலபமாச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போன பிறகு திரும்பினால் உன் அக்கா நின்றிருந்தாள்.

"என் தம்பியையா சொன்னீங்க?"

"கேப்டனுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு..."

"முப்பது வருஷமா ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஆறுதல் சொன்னீங்க, சரி. எம் பிள்ளை மாதிரி நான் வளத்த பையன் அவன். போங்க. போய் சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லிட்டு வாங்க. குழாய்ல வேணா தண்ணி வரட்டும், உங்களுக்கு இந்த வீட்டுல காபி வராது."

மைதானத்துக்கு நடந்தே போனேன். நான் உன்னைக் குறை சொன்ன செய்தி அதற்குள் பரவிவிட்டதால் பஸ் மறுபடியும் நிற்கவில்லை. நால்வரும் கோல்போஸ்ட் அருகே உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளரும் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இவர்களைக் கீழே நின்று, முகத்துக்கு நேராகப் பார்த்தேன். பேச வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பேசியது அவர்கள்தான்.

"எங்களைச் சொன்னது பரவாயில்ல சார், பாதி நிஜம்" என்றார் சலூன்காரர். "ஆனா ஒவ்வொரு மேட்சும் முடிஞ்சு எனக்கு ஐஸ் கட்டி வெச்சு முழங்காலைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறது யாரு?"

"லேட் டியூட்டி இருக்கற நாள்ல நான் வர்றதுக்குள்ள பிராக்டிஸ் முடிஞ்சுடும்" என்றார் கோல்கீப்பர். "எல்லாரும் போன அப்புறம் அவர் ஒருத்தரே நின்னு எனக்குப் பந்து அடிச்சுக் குடுப்பார். நான் விட்டா அவரே ஓடிப்போய் எடுத்துட்டு வருவார். ரொம்ப ஓடுவார் சார்."

"எனக்கு கோல் விழலைன்னா, 'அடுத்ததுல விழும்'பார்" என்றார் பிளம்பர். "விழாது. மறுபடி, 'அடுத்ததுல விழும்'பார். வீட்டுல என் பொண்டாட்டி கூட அப்படிச் சொன்னதில்ல."

செயலாளர் எரிச்சலோடு, "இவ்வளவு பாசமா இருக்கீங்க, அப்புறம் ஏன்பா தோக்கறீங்க?" என்றார். கேப்டன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "தெரியல சார். ஆனா அவர் போயிட்டா நான் எதுக்கு இங்க வரணும்னும் தெரியல."

நான் சொன்னது தவறு என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். செயலாளர், "சரி. அவரே ஞாயித்துக்கிழமை வந்து, இருக்கேன்னு சொன்னா இருக்கட்டும். வரலைன்னா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்" என்றார். ஆகவே விஷயம் இப்போது கமிட்டியிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும் புறப்பட்டு வா.

வந்தால் அணியை என்ன செய்வது என்று குழம்பாதே. ஒரு தடவை எங்கள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறவர்களை ஒரு பிரிவாகவும் மற்றவர்களை ஒரு பிரிவாகவும் பிரித்தோம். இரண்டும் கெட்டன. அடுத்த வருடம் ஒருவனையும் மாற்றாமல் பெஞ்சை மட்டும் மாற்றினேன். ஜன்னல் ஓரத்தில் வேடிக்கை பார்த்தவன் நடுவில் வந்தான், பேசிக்கொண்டே இருந்தவன் கரும்பலகைக்கு எதிரே வந்தான், வகுப்பு தேறியது. உனக்கும் அதையே சொல்வேன். பக்கத்து ஊரிலிருந்து பெரிய ஃபார்வர்டைக் கூட்டிவரலாம் என்று செயலாளர் சொன்னால் கேட்காதே. பிளம்பர் கோல் அடிப்பதில்லை, ஆனால் இழந்த பந்தைப் பின்னாலேயே ஓடி மீட்டு வருகிறார். ஒழுகுகிற இடத்தை அடைப்பது அவருக்குக் கைவந்த கலை, அவரைப் பின்வரிசைக்குக் கொண்டு போ. (என் வீட்டில் அடைத்தபிறகு.) சலூன்காரரால் ஓட முடியாது, ஆனால் பந்தை நினைத்த இடத்தில் வைப்பார், அவரை நடுவில் நிறுத்து. கேப்டன் ஒரு எட்டு விலகி நின்றால் கோல்கீப்பருக்குப் பந்து தெரியும். யாரையும் நீக்காதே, இடத்தை மட்டும் மாற்று. இதைக் கேப்டனிடமும் சொல்லியிருக்கிறேன். இதுதான் அணி பற்றி நான் வாய் திறக்கும் கடைசித் தடவை என்று உன் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். உன் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் ஃபுட்பால் பார்ப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன், அதற்காகத் தனியாக இன்னொரு வணக்கம்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று மாலை ஒன்று நடந்துவிட்டது. உன் கேப்டன் நல்ல மனிதர், பெரியவர் சொன்னதை மதிக்கிறவர். நான் சொன்னபடியே எல்லாரையும் இடம் மாற்றி, உயர்நிலைப் பள்ளிப் பையன்களோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார். உன் அக்காவும் வந்திருந்தாள். எத்தனை கோல் வாங்கினோம் என்று நான் எழுதப் போவதில்லை, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள் இரண்டாவது கையும் தீர்ந்ததும் விட்டுவிட்டாள். பின்வரிசைக்குப் போன பிளம்பர் இந்த வருடத்தின் முதல் கோலைப் போட்டார், நம் வலையில். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பெஞ்சு மாற்றுவது பெஞ்சுக்குத்தான் சரி. யாரை வேண்டுமானாலும் நீக்கு, பக்கத்து ஊர் ஃபார்வர்டைக் கூட்டி வா, பதினொரு பேரையும் புதிதாக எடுத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கோச்சை மட்டும் மாற்றக் கூடாது என்று உன் அக்கா திரும்பி வரும் வழியில் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கருத்தில் இருப்பது இதுவே முதல் தடவை. அதை வீணாக்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.