சுல்தானா வந்த வழி

கண்ணாடித் தொட்டியில் மணல் இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, மேலே மூடியும் இருந்தது. சுல்தானாதான் இல்லை.

ரஃபத் மணலை இரண்டு கையாலும் அளைந்து பார்த்தார். மண்ணுளிப் பாம்பு என்றால் மணலுக்குள் புதைந்துதான் கிடக்கும், நாள் கணக்கில் வெளியே தலை காட்டாது என்பது அவருக்குத் தெரியும். உயிரியல் வாத்தியார் ஆயிற்றே. ஆனால் தொட்டியின் அடிக்கண்ணாடி வரை தோண்டியும் கையில் வந்தது மணல்தான்.

"இன்ஸாஃப்!"

சமையலறையில் திராட்சை இலைக்குள் அரிசியைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வரவில்லை. "என்னங்க? கத்தாதீங்க. அஸர் தொழுகை முடிஞ்சா சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."

"சுல்தானாவைக் காணோம்!"

"ஓஹோ."

அந்த 'ஓஹோ' ரஃபத்துக்குப் பிடிக்கவில்லை. மகள் நிஹாலுக்கு இன்று பாத்திஹா ஓதி நிச்சயம் செய்யப்போகிறார்கள். பாம்பை அதற்குள் எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்று இன்ஸாஃப் போன வாரம் முழுக்க நச்சரித்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பல்லியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவளாம். ரஃபத் மசியவில்லை. "என் பாம்பு இந்த வீட்டை விட்டுப் போச்சுன்னா நான் சபையில உக்கார மாட்டேன். உன் அண்ணனை உக்கார வெச்சு நிச்சயம் பண்ணிக்கோ" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற பிடிவாதக்காரர் என்பது ஷுப்ரா பேட்டையில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். கடைசியில் தொட்டியை உள்ளறைக்கு நகர்த்தி வைப்பது என்று சமாதானம் ஆனது. நகர்த்தப் போனபோதுதான் இந்தக் கூத்து.

"நீ எதாவது பண்ணினியா?"

"அதைத் தொட்டா எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. அல்லாஹ் மேல ஆணையா நான் தொடலை, போதுமா?"

"பாபா, அம்மா அந்த ரூமுக்குள்ளயே வர மாட்டாங்க, அவங்க போய்த் தொடுவாங்களா?" என்றாள் நிஹால். முடியில் சுருள் உருளைகளோடு ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றாள். "தேடுங்க பாபா, தயவு பண்ணி. இன்னிக்கு மட்டும் எதுவும் ஆகக் கூடாது."

அவள் குரல் உடைந்தது. மாப்பிள்ளை ஷாதி நல்ல பையன். இரண்டு வருஷமாகப் பெண் அவனுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு பாம்பால் அது கெட்டுப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"மூடியைத் தலையால முட்டித் தூக்கியிருக்கு. வெளிய வந்ததும் மூடி தானா விழுந்து மூடிக்கிச்சு" என்று அறிவியல் விளக்கம் கொடுத்துவிட்டு வேட்டையில் இறங்கினார்.

முதலில் வரவேற்பறை. விருந்தாளி வந்தால் ஒழிய யாரும் உட்கார அனுமதியில்லாத, தங்க முலாம் பூசிய சோபா அங்கே இருந்தது. இருட்டும் வெதுவெதுப்பும் பாம்புக்குப் பிடிக்கும் என்பதால், ரஃபத் அதைக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கத்தரிக்கோலால் கிழித்தார். பாம்பு இல்லை. சுருள்கம்பி ஒன்று விடுதலை கிடைத்ததுபோல் துள்ளி வந்து அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

இன்ஸாஃப் வாசலில் வந்து நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த சோபா அது. "பாம்பு கிடைக்காட்டா போகுது. முதல்ல போய் சட்டையை மாத்துங்க" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"கிடைக்காட்டா போகுதா? அவங்க மடியில போய் ஏறினா?"

"ஏறாது."

"நீ பாட்டுக்குச் சொல்லுவே!"

அடுத்தது மாவு. தரை முழுக்கக் கோதுமை மாவைத் தூவிவிட்டால் பாம்பு ஊர்ந்த தடம் தெரியும். புத்தகத்தில் உள்ள முறைதான். ஈச்சம்பழ பிஸ்கெட்டுக்கு வைத்திருந்த மாவு மூட்டையை அப்படியே தூக்கி வந்து கூடத்தில் தூவினார். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். போட்டது தாமேதான் என்பது ரஃபத்துக்குப் பிறகு நினைவு வந்தது. மாவு கிளம்பி சுவர்க்கடிகாரம், திரைச்சீலை, நிஹாலின் முடி என்று எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது.

"நான் கிழவியாட்டம் ஆயிட்டேன்!" என்று நிஹால் அழுதாள்.

இன்ஸாஃப் வெறுங்காலோடு மாவில் நடந்து வந்து, ஈரத் துணியால் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். மாவு பசையானது. மகள் நாற்காலியை விட்டு இறங்காமல் நிற்க, இவள் மட்டும் இப்படி வெறுங்காலோடு திரிகிறாளே என்று ரஃபத் ஆச்சரியப்பட்டார். கோபத்தில் பயம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி அஸ்திரமாகக் காவல்காரன் பையூமியைக் கீழேயிருந்து கூப்பிட்டார். சுல்தானாவின் சாப்பாட்டுக்காக மாடியில் கூண்டில் வளர்க்கிற எலிகளில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்கு உஸ்தாத்?"

"பாம்பு தொலைஞ்சுபோச்சு. எலியைச் சல்லடைக்கு அடியில வெச்சா வாசனைக்கு வரும்."

பையூமி சமையலறைப் பக்கம் பார்த்தான். "பாம்புதான் போயிடுச்சே, விடுங்களேன் உஸ்தாத்."

"உன் யோசனையை யார் கேட்டா? எலியைக் கொண்டா!"

எலி வந்தது. சல்லடையைக் கவிழ்க்கிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பையூமி திடுக்கிட்டுக் கையைத் தூக்கினான். எலி கதவை நோக்கி ஓடியது. கதவை நிஹால் திறந்தாள்.

வாசலில் பஞ்சு மெத்தைக் கடைக்காரர் ஹாஜி தஸூக்கி, அவர் மனைவி கரீமான், கையில் கேக் பெட்டியோடு மாப்பிள்ளை ஷாதி. நரைத்துப்போன மணப்பெண்ணை ஷாதி இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் எலி கரீமானின் செருப்பைத் தாண்டி ஓடியது. அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவுகளெல்லாம் திறந்தன. உள்ளே பாய்ந்து முதலில் கண்ணில் பட்ட சோபாவில் ஏறினாள். அது அடித்துணி இல்லாத சோபா. ஒரு கால் அப்படியே உள்ளே போய்விட்டது.

ரஃபத் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். சமாதானப்படுத்துகிறோம் என்ற நினைப்பில் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, அது வெறும் எலிதான். பாம்புக்காக வெச்சது."



"எந்தப் பாம்பு?" என்றார் ஹாஜி.

பாதியை மறைத்து மீதியைச் சொல்ல ரஃபத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னார். விஷமில்லாத ஜாதி என்பதை மட்டும் நாலு தரம் சொன்னார்.

"நான் போறேன்" என்றாள் கரீமான், இன்னும் ஒரு கால் சோபாவுக்குள் இருக்க.

"உக்காரு கரீமான். பாம்புக்கா பஞ்சாயத்து?" ஹாஜி கைபேசியை எடுத்தார். "எங்க ஷேக் ஹஸனைன் இங்க பக்கத்துத் தெருதான். பாம்பு பிடிக்கற ரிபாயி சூஃபி வழி வந்தவர். ஆணையிட்டுக் கூப்பிட்டாருன்னா பாம்பு எந்தப் பொந்துல இருந்தாலும் எழுந்து வந்து காலடியில கிடக்கும்."

ரஃபத் சும்மா இருந்திருக்கலாம். நிஹால் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் இருபது வருஷமாக வகுப்பில் ரிபாயிகளைக் கிண்டல் செய்து பழகிய வாய் அது.

"பாம்புக்குக் காதே கிடையாது ஹாஜி. எப்படிக் கேக்கும்? அவங்க சட்டைக்குள்ள பாம்பை வெச்சுக்கிட்டு வந்து, நம்ம வீட்டுலேர்ந்து எடுத்த மாதிரி காட்டுவாங்க. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

ஹாஜியின் முகம் சிவந்தது. "எங்கப்பா அவங்க கையில சீடரா உறுதி எடுத்தவர். நானும்தான். எங்களைச் சின்னப் பசங்களைவிட மட்டம்னு சொல்றீங்களா?"

"பாபா!" என்றாள் நிஹால்.

"அப்பா!" என்றான் ஷாதி.

"ஷேக் எல்லாம் வேண்டாங்க" என்று இன்ஸாஃப் குறுக்கே பாய்ந்தாள். "பாம்பு வீட்டுலயே இல்லை."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரஃபத்.

"மனசு சொல்லுது."

"மனசு சொன்னா நம்பிக்கிட்டு உக்கார முடியுமா? வரட்டும் ஷேக்! என் சுல்தானாவுக்கு வலது கண்ணுக்குக் கீழ வெள்ளை மச்சம் இருக்கு. வால் நுனி வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பாம்பை அவர் எடுத்துட்டா, இந்தச் சபையிலயே அவர் கையை முத்தம் வெச்சு, நான் படிச்சுக் குடுத்ததெல்லாம் தப்புன்னு சொல்றேன். வேற பாம்பை எடுத்தா?"

"நான் மன்னிப்புக் கேட்டுட்டு என் மகனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன்" என்றார் ஹாஜி. "என் ஷேக் பொய்யர்னு நிரூபிச்ச வீட்டுல நான் எந்த முகத்தோட சம்பந்தம் பேசறது?"

ஜெயித்தால் மகள் கல்யாணம் போச்சு, தோற்றால் மானம் போச்சு என்பது ரஃபத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன வார்த்தையை விழுங்க முடியவில்லை. இன்ஸாஃப் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷேக் ஹஸனைன் வந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, கையில் ஈச்சங்கம்பு. அவரைப் பார்த்ததும் பையூமி மாடிப்படிப் பக்கம் நழுவினான். "எங்கடா ஓடற? ஃப்ரிட்ஜை நகர்த்த ஆள் வேணும்" என்று ரஃபத் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"சோதிச்சுப் பாருங்க உஸ்தாத்" என்று ஷேக் தாமாகவே கையை விரித்து நின்றார். ரஃபத் விடவில்லை. அங்கியின் அகலமான கைகளை உதறினார், தலைப்பாகையை அவிழ்த்தார், பையைக் கவிழ்த்தார். ஜெபமாலையும் ஒரு வெங்காயமும் விழுந்தன. அதற்கு மேல் உள்ளே தேடுவது பெண்கள் இருக்கிற சபையில் மரியாதை இல்லை.

ஷேக் அறை அறையாகக் காற்றை மோந்துகொண்டே போனார். சமையலறை வாசலில் நின்று கம்பால் சுவரைத் தட்டினார். "மேல இருந்தாலும் சரி, கீழ இருந்தாலும் சரி. எங்க ஞானகுரு பீரின் பேரால ஆணையிடறேன். கீழ்ப்படியறவனா இருந்தா வெளிய வா. அடங்காதவனா இருந்தா அங்கயே செத்துப் போ!"

குரலில் பாத்திரங்கள் அதிர்ந்தன. ஷேக் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தோள் வரை கையை விட்டார். முகம் இறுகியது, நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கையை வெளியே இழுத்தபோது மணல் நிறத்தில் ஒரு பாம்பு முழங்கையைச் சுற்றியிருந்தது.

"இதோ பாருங்க!" என்று ரஃபத் பாய்ந்தார். "இதுக்கு வெள்ளை மச்சம்..."

வலது கண்ணுக்குக் கீழே இருந்தது. வால் நுனி வெட்டுப்பட்டிருந்தது. பாம்பு தலையைத் திருப்பி அவர் கட்டைவிரலில் மோவாயை வைத்தது. தினமும் அப்படித்தான் வைக்கும்.

"சுல்தானா" என்றார் ரஃபத். அவருக்கே கேட்காத குரலில்.

அப்போதுதான் பின்னால் தடாலென்று ஒரு சத்தம். காலையிலிருந்து வெறுங்காலோடு திரிந்த இன்ஸாஃப், சர்பத் கோப்பைகள் வைத்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, தலையில் கை வைத்து வீறிட்டாள். "யா அல்லாஹ்! இது எப்படி இங்க வந்தது? இது எப்படி?"

ரஃபத் சொன்ன சொல் தவறவில்லை. மாவும் சர்பத்துமாகக் கிடந்த தரையில் மண்டியிட்டு ஷேக்கின் கையை முத்தமிட்டார். "நான் படிச்சுக் குடுத்ததெல்லாம் தப்பு" என்றார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபது வருஷம் லேசா என்ன? ஹாஜி அவரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சோபாவிலிருந்து காலை விடுவித்துக்கொண்ட கரீமானும் மயங்கவில்லை. இப்படிப்பட்ட அற்புதம் நடந்த வீட்டுப் பெண்ணை விடக்கூடாது என்றாள்.

எல்லோரையும் மிஞ்சினாள் இன்ஸாஃப். ஷேக்கின் கையை விடவே மாட்டேன் என்றாள். அழுதாள். "இனிமே இதை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் கையாலேயே எலி வைக்கறேன்" என்று சத்தியம் செய்தாள். எதற்கு இவ்வளவு என்று ரஃபத்துக்குப் புரியவில்லை. ஆனால் மனசு நிறைந்துபோனது.

"இது இந்த வீட்டோட அருள், பரக்கத்" என்றார் ஷேக் ஹஸனைன், தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே. "உயிர் இருக்கற வரைக்கும் இதை இந்த வாசப்படி தாண்ட விடாதீங்கம்மா."

"விட மாட்டேன் ஷேக், விடவே மாட்டேன்."

பாத்திஹா ஓதினார்கள். ஷாதி நிஹாலின் முடியில் இருந்த மாவைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். பெண்கள் குலவையிட்டார்கள். சுல்தானா தொட்டிக்குள் போய் மணலில் புதைந்துகொண்டது.

எல்லோரும் கேக் சாப்பிடுகிற நேரத்தில் இன்ஸாஃப் சமையலறையில் தனியே நின்று, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடைந்த கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பையூமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றான் கிசுகிசுப்பாக. "நேத்து உஸ்தாத் பள்ளிக்கூடம் போனப்ப, அதைத் தொட்டியிலேர்ந்து எடுத்துப் பாலைவனத்துல விட்டுட்டு வரச் சொன்னீங்களே, அவ்வளவு தூரம் யாரு போறதுன்னு நான் அதை இந்த ஷேக்குக்கிட்டதான் குடுத்தேன்."